கல்லாகிப் போனவர்களைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. தருமபுரியில் அனைவரும் நலம். மாமரங்கள் பூத்திருக்கும் செய்தியை அம்மா தனியே எழுதுவாள்.

தம்பியின் மகள் கதை கேட்டாளென்று உன் பழைய நார்னியா புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். பிடிக்காதவர்களைக் கல்லாக்கிவிடும் சூனியக்காரியின் முற்றத்துக் கல் சிங்கத்துக்கு எட்மண்ட் என்ற பையன் பென்சிலால் மீசையும் கண்ணாடியும் வரைகிற பக்கத்தின் ஓரத்தில், நீயும் ஒரு மீசைச் சிங்கத்தை வரைந்திருக்கிறாய். காது மட்டும் ஆட்டுக்குட்டியின் காது. 1950இல் வெளிவந்த அந்தக் கதையில் ஆட்டுக்கால் மனிதன் டும்னஸ் ஏன் கல்லானான் என்று நினைவிருக்கிறதா? தன் வீட்டுக்கு வந்த சிறுமியைக் காட்டிக்கொடுக்க மனம் வராததால்தான். கல்லானவர்கள் எல்லாரும் குற்றம் செய்தவர்கள் என்று நீ எண்ணிவிடக் கூடாது, கண்ணு.

அகலிகையைக் கல்லாகக் காட்டியவர் கம்பர். வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணிலும் படாமல் வாழ்கிறாள். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. போனில் நீ 'ம்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடும் இரவுகளில், சாப்பிட்டாயா என்பதைத் தவிர எனக்கும் வேறு எதுவும் கேட்க வருவதில்லை. ஆவணியில் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. காலையில் அரை மணி நேரமாவது நட.

பேசும் பறவையைத் தேடி மலையேறிய அண்ணன் தம்பி இருவரைப் பற்றிய அரபுக் கதையை நீதான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய். முதுகுக்குப் பின்னால் ஏசியும் மிரட்டியும் எழுந்த குரல்களுக்குத் திரும்பிப் பார்த்த அக்கணமே இருவரும் கருங்கற்களானார்கள். அவர்களுக்கு முன்னால் போனவர்களும் அந்தச் சரிவெங்கும் கற்களாகவே கிடந்தார்கள். தங்கை பரிசாத் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஏறினாள். உச்சியில் பறவையைப் பிடித்து, அது சொன்னபடி தண்ணீரைத் தெளித்து, அண்ணன்மாரை மட்டுமல்லாமல் அங்கே கிடந்த அனைவரையும் எழுப்பினாள். சொந்தபந்தம் பேசுவதற்கெல்லாம் நீ ஏனம்மா திரும்பிப் பார்க்கிறாய்? நம் குடும்பத்தில் முதன்முதலாகத் தனியே வெளியூர் போய் வேலையில் அமர்ந்தவள் நீ. அதை இன்றும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பொங்கலுக்கும் வராமல் இருந்தது சரியில்லை. அம்மா உன் பங்கு கரும்பை மாட்டுக்குப் போடவும் மனமில்லாமல் வைத்திருந்தாள்.

நார்னியாவில், கல்லாய் நின்ற அரக்கனை எழுப்பும்போது அஸ்லான் என்ற சிங்கம் முதலில் அவன் பாதங்களில்தான் ஊதுகிறது. பாதம் சரியானால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடுமாம். ஆகவே நட என்கிறேன். பேச வேண்டாம், யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வா.

வருகிற சனிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மா ராகி மாவும் புளியும் கட்டிக் கொடுக்கிறாள். வர வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நான் எதையும் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னோடு நடந்துவிட்டு, இரவே ஊர் திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
அப்பா