சேர்வராயன் மலைக்கு அடியில் அணுக்கழிவைப் புதைக்கச் சம்மதிப்போமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுமின்சாரத்தை ஆதரித்தும் எதிர்த்தும் தங்கள் இதழில் வெளிவந்த இரு கட்டுரைகளும் விபத்தைப் பற்றியே விவாதித்தன. விபத்து அஞ்சத்தக்கதுதான், ஆனால் விபத்தே நேராமல் ஆயுள் முழுதும் ஒழுங்காக ஓடி முடிக்கும் உலையும் விட்டுச்செல்கிற கழிவைப் பற்றி இரண்டிலும் ஒரு வரிகூட இல்லை.

நிலக்கரியின் தீமையைச் சேலம் மாவட்டத்தாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். நம் நாட்டு நிலக்கரியிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சுகிறது. 1,000 மெகாவாட் அணு உலை ஆண்டுக்குப் பயன்படுத்தி வெளியேற்றும் எரிபொருள் இருபது, முப்பது டன்னுக்குள் அடங்கிவிடும் என்ற கணக்கைச் சொல்லித்தான் நான் நெடுங்காலம் கூடங்குளத்துக்காக வாதாடினேன்.

எடைக் கணக்கில் காலம் வருவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த எரிபொருளில் உள்ள புளூட்டோனியம்-239 என்னும் கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகளுக்கு மேலாகும். அதைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவதே நம் அரசின் கொள்கை என்றாலும், பிரித்த பிறகு எஞ்சும் உயர் கதிர்வீச்சுக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி இறுக்கினாலும், முடிவில் ஆழத்தில் புதைக்க ஓரிடம் வேண்டும். ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழி எழுத்தையே இன்று கல்வெட்டறிஞர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'இங்கே தோண்டாதீர்' என்பதை நாம் எந்த எழுத்தில் பொறிப்பது?

பின்லாந்தின் ஒங்காலோவில் அணுக்கழிவைப் புதைக்க 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்திருக்கிறார்கள். அங்கே அணுத் திட்டத்தை மறுக்கும் உரிமை உள்ளூர் மன்றத்துக்குச் சட்டப்படி உண்டு, அவ்விடத்து யூராயோக்கி மன்றம் கேட்கப்பட்ட பின்பே இசைந்தது. இங்கோ 2012-இல் கழிவைப் புதைக்கும் இடமாகக் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் நீதிமன்றத்தில் அடிபட்டதும் கர்நாடகம் கொதித்தெழ, அப்பேச்சு அத்துடன் கைவிடப்பட்டது. கோலார் மறுத்தால் வேறெந்த ஊர் என்று நான் உட்பட மின்சாரத்தை அனுபவிக்கும் எவரும் கேட்கவில்லை.

சேர்வராயன் மலையும் சார்னோகைட் என்னும் பழமையான கடும்பாறைதான். நாளை அதன் அடியில் புதைக்கலாமா என்று நம்மைக் கேட்டால்? என் மனம் 'கூடாது' என்றே உடனடியாகச் சொல்கிறது. எந்தப் புள்ளிவிவரத்தையும் அது பொருட்படுத்தவில்லை. அதே சொல்லை 2011-இல் கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மக்கள் உலைக்கு எதிராகச் சொன்னபோது நான் அதை அறியாமை என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.