அந்த உறையை நான் பிரிக்கவில்லை

உட்சுனோமியா
ஜூன் 8, 2025

அன்பு மகன் சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் லைன் ஆப்பில் நான் எது அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிடுகிறாய். அதை வைத்துப் பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

உன் பேருக்கு ஓர் உறை வந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊர்க் கூடைப்பந்து அணி ப்ரெக்ஸ் ஜெயித்துவிட்டது, பார்த்தாயா? மூன்றாவது கோப்பை. பி லீக்கில் வேறு எந்த அணியும் மூன்று வாங்கியதில்லை. இறுதியில் ரியூக்யூ அணியோடு ஆளுக்கு ஓர் ஆட்டம் என்று நின்று, மே 27 செவ்வாய்க்கிழமை யோகோஹாமாவில் மூன்றாவது ஆட்டம். 73-71. கடைசியில் ஹியேஜிமா போட்ட அந்த மூன்று புள்ளி பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே அப்பா எழுந்து நின்றுவிட்டார். முழங்கால் ஞாபகமே இல்லை. டம்ளர் கவிழ்ந்து டீ முழுக்கப் பாயில் கொட்டியது. துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2022-ல் ஜெயித்த அன்று டோக்கியோ அரங்கத்துக்குள் இருந்தே கூப்பிட்டாய். சத்தத்தில் நீ சொன்னது ஒரு வார்த்தையும் புரியவில்லை. இந்தத் தடவை பதினொரு மணி வரைக்கும் பார்த்தேன்.

மே 27 என்றால் உனக்குத் தெரியும். 2017-லும் அதே தேதிதான். யோயோகி அரங்கத்தில் கவாசாகி அணியை 85-79 என்று ஜெயித்து முதல் கோப்பை வாங்கினார்கள். அதைப் பற்றியும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த சீசன் எப்படிப் போனது என்று நீ கவனித்திருக்கிறாயோ இல்லையோ. நம் அணிப் பயிற்சியாளர் கெவின் பிராஸ்வெல் ஜனவரியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், பிப்ரவரி 24 அன்று போய்ச் சேர்ந்துவிட்டார். 46 வயது. தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் வருஷம். எனக்கு அன்று அடுப்படியில் கை ஓடவில்லை. உனக்கு மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வேலையில் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு உதவியாக இருந்த ஜிக்கோ கொரோனெல் அணியை எடுத்து நடத்தினார். 60 ஆட்டத்தில் 48 வெற்றி. துக்கத்தை வைத்துக்கொண்டே ஆடினார்கள், சரவணா. பயிற்சிக்குப் போனார்கள், பஸ் ஏறினார்கள், சாப்பிட்டார்கள். நீயும் சாப்பிட வேண்டும். மனசு சரியில்லாத நாளில் ஒரு ரசம் வைத்தாவது சாப்பிடு. பொடி போன மாதம் அனுப்பினேனே, வந்ததா?

போன வருஷம் 51 வெற்றி, 9 தோல்வி, லீக்கிலேயே முதல் இடம். அப்படி இருந்தும் காலிறுதியில் சிபா அணியிடம் தோற்றார்கள். அன்று ராத்திரி நீதான் கூப்பிட்டாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாய். அதற்குப் பிறகு அவ்வளவு நேரம் நீ என்னிடம் பேசவில்லை. குறை சொல்லவில்லை, எனக்குக் கணக்கு இருக்கிறது என்று சொல்கிறேன்.

அதற்கு முந்தின வருஷத்தையும் நினைத்துப் பார். 2022-ல் நேரடி இடம் கிடைக்காமல் வைல்ட் கார்டில் நுழைந்து ஆறு ஆட்டத்தையும் ஜெயித்துக் கோப்பை வாங்கியவர்கள், அடுத்த சீசனில் முதல் எட்டு இடத்துக்குள்ளேயே வரவில்லை. அதற்காக யாரும் முகத்தை மறைத்துக்கொண்டு திரியவில்லை. மஞ்சள் சட்டை போட்ட ரசிகர்கள் எப்போதும் போல வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். ஒரு வருஷம் வெளியே இருந்துவிட்டால் ஒருவன் கெட்டுப்போனவன் ஆகிவிடுவதில்லை.

நம் ஆட்டக்காரர் டபுசேயையும் நினைத்துக்கொள். நீ அவர் படத்தைத் தலைமாட்டில் ஒட்டி வைத்திருந்தாய். 173 சென்டிமீட்டர். 2004-ல் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடிய முதல் ஜப்பானியர், ஆனால் ஃபீனிக்ஸ் அணியில் மொத்தம் நான்கே ஆட்டம். அதோடு அனுப்பிவிட்டார்கள். 2008-ல் இந்த ஊருக்கு வந்தார். அணி தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் மேலே ஏறியிருந்தார்கள். 44 வயதிலும் அந்த அணியில்தான் இருக்கிறார். அனுப்பிவிட்ட இடத்தையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 2010 கோப்பை ஏது? இறுதியில் ஐசின் அணியை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்தார்களே, அந்த வருஷம் நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்றும் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த இரண்டு டிக்கெட்டில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவனே நீதான். திரும்பி வரும்போது அவர் சிரித்துக்கொண்டு வந்தார். அதை நான் மறந்ததே இல்லை.

இனிமேல் அந்த 2017 விஷயம்.

நீ நடுநிலைப்பள்ளி மூன்றாவது வருஷம் படிக்கும்போது, 2015 இலையுதிர் காலத்தில், ஒரு சாயங்காலம் வீட்டு போன் அடித்தது. வெளி மாவட்டத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றின் கூடைப்பந்து ஆசிரியர். கோடைப் போட்டியில் உன்னைப் பார்த்தாராம். விளையாட்டுப் பரிந்துரையில் உன்னை எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், விடுதி உண்டு என்றும், பையன் குட்டையாக இருந்தாலும் ஆட்டத்தைப் படிக்கிறான் என்றும் சொன்னார். "ஆட்டத்தைப் படிக்கிறான்" என்பதை இரண்டு தடவை சொன்னார். அப்பா இரவு ஷிஃப்ட். நீ பின்பக்கச் சுவரில் பந்து அடித்துக்கொண்டிருந்தாய், போனில் பேசும்போதே அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பையனுக்கு விருப்பம் இல்லை, படிக்கப் போகிறான் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டு லீக் வைத்துக்கொண்டு சண்டை போட்டதற்காக 2014 நவம்பரில் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா ஜப்பானையே தடை செய்ததே, அப்படிப்பட்ட விளையாட்டை நம்பிப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த போன் வருவதற்கு முன்பே தடையை எடுத்துவிட்டார்கள். கவாபுச்சி என்பவர் வந்து இரண்டு லீக்கையும் ஒன்றாக்கினார் என்று செய்தியில் வந்ததை உன்னோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் நீ வீட்டை விட்டுப் போவதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். 2016 செப்டம்பரில் புது லீக் தொடங்கியது. அடுத்த மே மாதம் நம் ஊர் அணி முதல் சாம்பியன் ஆனது. நீ டிவி முன்னால் உட்கார்ந்து அழுதாய். சந்தோஷத்தில் அழுகிறான் என்று அப்பா சொன்னார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

"என்னை யாருமே கேட்கலம்மா" என்று நீ ஒரு தடவை சொன்னாய். கேட்டார்கள், சரவணா. உன்னை ஒருத்தர் தேடிப் பிடித்துக் கேட்டார். அதை உன்னிடமிருந்து எடுத்தவள் நான். அப்போது சொல்லியிருக்க வேண்டும். பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். நீ என் மேல் கோபப்படலாம், போன் செய்து கோபப்படு.

சுவரில் அந்த வட்டக் கறைகள் அப்படியே இருக்கின்றன. வெள்ளையடிக்க வேண்டும் என்று அப்பா ஒவ்வொரு வசந்தத்திலும் சொல்கிறார், நான் விடுவதில்லை. உன் படுக்கையை நேற்று வெயிலில் போட்டு எடுத்தேன். ஃபுகுவோகாவிலிருந்து வருவது தூரம்தான், ரயில் டிக்கெட் நான் எடுத்து அனுப்புகிறேன். பணத்தைப் பற்றி யோசிக்காதே. சீசன் அக்டோபரில் தொடங்கும், அதுவரைக்கும்கூட இங்கே இருக்கலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

அந்த உறை பென்ஷன் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறது. நீ முகவரியை இங்கேயே வைத்திருப்பதால் இங்கே வந்திருக்கிறது. 2009-ல் அப்பாவுக்கு வந்ததும் இதே மாதிரி உறைதான். வேலையை விட்டால்தான் அது வரும் என்று எனக்குத் தெரியும். அப்பா பார்க்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. அப்படியே உனக்கு அனுப்பட்டுமா, நீ வரும் வரைக்கும் வைத்திருக்கட்டுமா? அதை மட்டுமாவது எழுது.

அம்மா