எறும்புக்கு வைத்த தண்ணீர்

அன்புள்ள கண்ணா,

போன் போட்டால் "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி என்னை ஒரு கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். புத்த சமய ஓவியங்களும் சீன எழுத்துக்கலையும். எனக்கென்ன புரியப்போகிறது என்று அரைமனதாகத்தான் போனேன். பெரிய பெரிய தாமரைகளையும் முறைக்கிற போதிதர்மரையும் பார்த்தபடியே நடந்தேன். ஓரத்து மேசையில் சின்னச் சின்னக் கோட்டோவியங்களின் அச்சுப்படிகள் இருந்தன. கால் அங்கே நின்றுவிட்டது.

வரைந்தவர் ஃபெங் சிகாய். பக்கத்தில் எழுதியவர் அவருடைய ஆசிரியர். இசையும் ஓவியமும் சொல்லிக்கொடுத்துவிட்டு 1918இல் துறவியாகி, ஹோங்யி என்று பெயர் மாறியவர். எந்த உயிரையும் வதைக்காதே என்பதுதான் எல்லாப் படங்களுக்கும் பொருள். குருவின் ஐம்பது வயதுக்கு ஐம்பது படம், அறுபதுக்கு அறுபது, இப்படியே நூறு வரை வரைவதாக மாணவர் வாக்குக் கொடுத்தார். குரு 1942இல் போய்விட்டார். இவர் விடவில்லை. சீனாவின் கலாசாரப் புரட்சியில் அவரைப் படாத பாடு படுத்தியபோதும், விடியுமுன் எழுந்து, யாருக்கும் தெரியாமல் வரைந்து, கடைசி நூறை 1973இல் முடித்தார். மொத்தம் 450. இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

ஹோங்யி பிரம்பு நாற்காலியில் உட்காருமுன் அதை மெல்ல ஆட்டிவிட்டுத்தான் உட்காருவாராம். பிரம்பின் இடுக்கில் பூச்சி இருந்தால் நசுங்குமே என்று.

இறப்பதற்கு மூன்று நாள் முன் அவர் எழுதிய நான்கு எழுத்துகளின் படியும் இருந்தது. துக்கம், மகிழ்ச்சி, இரண்டும் கலந்து, சேர்ந்து. ஆன்ட்டி விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். மை வற்றிய கோடுகள், கை நடுங்கியது தெரிகிறது. அழகு என்று சொல்ல வரவில்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

தன் உடலை வைக்கும் பெட்டியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கச் சொன்னாராம். எறும்பு ஏறி, எரிக்கும்போது அதுவும் சேர்ந்து வெந்துவிடக் கூடாதே! நம் பாட்டி சாப்பாட்டு அலமாரிக்கு வைத்த அதே கிண்ணம்தான். பாட்டி எறும்பிடமிருந்து சோற்றைக் காப்பாற்றினாள். அவர் தன்னிடமிருந்து எறும்பைக் காப்பாற்றினார்.

இன்னொன்று கேள். அந்தப் படங்களைப் பாதுகாத்து, நான்காம் ஐந்தாம் தொகுதிகளைச் சிங்கப்பூரிலேயே வெளியிட்ட துறவி குவாங்சியா, நம் ரேஸ் கோர்ஸ் ரோடு லியோங் சான் சீ கோயிலில் தலைமைத் துறவியாக இருந்தவர். பெருமாள் கோயிலிலிருந்து வரும்போது கூரை டிராகனைக் காட்டி அடம்பிடிப்பாயே, அதே கோயில். மூலப்படங்களை 1985இல் சீனாவின் ஹாங்சௌ நகரிலுள்ள செஜியாங் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டாராம். இத்தனை வருடம் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒருநாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

பாட்டியின் பித்தளைக் கிண்ணங்களில் மூன்றுதான் மிச்சம் இருக்கின்றன. நாலாவதை நீதான் சில்லறை போட எடுத்துப் போனாய் என்று ஞாபகம். இருக்கிறதா, பார்த்துச் சொல்.

அன்புடன்,
அம்மா