ஒரு தாள் கேட்கிறோம்: கோலாலம்பூர் மின்சுடலை நிர்வாகங்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாலை ஒரு மின்சுடலை வாசலில் ஒரு சவப்பெட்டி ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தது நீங்கள் அறிந்ததே. இறந்தவரின் நெஞ்சில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தது. கொள்ளி வைக்கும் நேரத்தில்தான் அது தெரியவந்தது. உலையில் ஏற்ற முடியாது என்று ஊழியர் மறுத்தார். அவர் செய்தது சரி. அதற்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி சூட்டில் வெடிக்கும். உலையின் உட்சுவர்ச் செங்கல் பெயரும், அருகில் நிற்பவருக்கு அடிபடவும் கூடும். முன்பதிவின்போதே இதை யாரும் ஏன் கேட்கவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி.

பாரத்தில் ‘இம்ப்லான்’, அதாவது உடலுக்குள் பொருத்திய கருவி, என்று ஒரு கட்டம் இருக்கிறது என்பீர்கள். இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலையில் ஓடிவரும் மருமகனுக்கு அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று தெரியாது. வீட்டில் வழங்குவது ‘தாத்தாவுக்கு நெஞ்சில பேட்டரி வச்சிருக்கு’ என்பதுதான். அவர் ‘இல்லை’ என்று கோடு போட்டுவிட்டுப் போவார். கருவியைச் சிறு கீறலில் எடுத்துவிடலாம். ஆஸ்பத்திரிப் பிணவறையிலோ உடலைப் பதப்படுத்தும் இடத்திலோ அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் வகையாக இருந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் அதை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுப்பவர் மேல் மின்சாரம் பாயக்கூடும். உங்கள் வாசலில் வைத்துச் செய்யும் வேலையா இது?

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றே: முன்பதிவு செய்பவர் கையில் தமிழில் ஒரு தாள்.

அதில் முதல் வரியாக அனுமதிக் கடிதம் வரட்டும். மலாயில் அதன் பெயர் ‘பெர்மிட் மெங்குபுர்கான்’, அதாவது புதைப்பதற்கான அனுமதி. ‘நாங்க எரிக்கத்தானே போறோம், இது எதுக்கு?’ என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும் குடும்பங்கள் உண்டு. எரிப்பதற்கும் அதே கடிதம்தான், அதுவும் அசல் வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அங்கேயே கிடைக்கும். வீட்டில் இறந்தால் அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். மரணத்தில் சந்தேகம் எழுந்தால் பிரேதப் பரிசோதனை உண்டு, நேரம் குறிப்பது அதற்குப் பிறகுதான். இறந்தவரின் அடையாள அட்டையான மைகார்டைத் தேசியப் பதிவிலாகாவில் ஒப்படைத்துவிட வேண்டியிருப்பதால், அதற்கு முன்பே நாலைந்து பிரதி எடுத்துக்கொள்வது நல்லது. பணம் கட்டிய ரசீதும் ஈமச்சடங்கு முகவர் பெயரில் இல்லாமல் குடும்பத்தார் பெயரில் இருக்கட்டும். பிறகு தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் ஈமச்சடங்குத் தொகை கேட்கப் போகும்போது அந்த ரசீது இல்லாமல் அலைகிறார்கள்.

அடுத்து, பெட்டிக்குள் என்ன போகலாம் என்பது. அத்தர் புட்டி, லைட்டர், கைப்பேசி, மூக்குக்கண்ணாடி, ரப்பர் அடிச் செருப்பு, பிளாஸ்டிக் மாலை எல்லாம் அன்பின் பெயரால் உள்ளே போகின்றன. மூடிய புட்டி வெடிக்கும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கரும்புகை கக்கும். அப்பாவுக்குப் பிடித்த பீர் கேனை வைத்தவர்களும் உண்டு. கற்பூரமும் நெய்யும் கைப்பிடி அளவு போதும். அதற்கு மேல் போனால், சூடேறிய உலையின் கதவைத் திறக்கும்போது தீ வெளியே சீறும். நகைகளை வீட்டிலேயே கழற்றிவிடச் சொல்லுங்கள். விரல் வீங்கி மோதிரம் வராவிட்டால் சோப்பு நுரை போதும். உலையில் போன தங்கம் உருகிக் கலந்துபோகும், அதன் பிறகு ஊழியரைச் சந்தேகிப்பது பாவம்.

பெட்டியின் வெளி அளவையும் உடலின் எடையையும் முன்கூட்டியே கேளுங்கள். தடித்த மரமும் கனத்த வார்னிஷும் அந்தஸ்து காட்டும், எரிய மட்டும் கூடுதல் நேரம் எடுக்கும். மிகப் பருமனான உடலுக்கு உலை ஆறியிருக்கும் காலை முதல் நேரமே பாதுகாப்பு. கொழுப்பு பற்றிக்கொண்டால் சூட்டைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். சாதாரணமாக ஓர் உடல் எரிய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரமாகும். ஞாயிறு ராகு காலம் 4.30 என்று நாட்காட்டி பார்த்து எல்லாரும் 4 மணியே கேட்டால் உலை என்ன செய்யும்? இதையும் தாளில் சொல்லிவிட்டால் உங்கள் ஊழியர் திட்டு வாங்க மாட்டார்.

அஸ்தி எடுக்க எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்தப் பாத்திரம் கொண்டுவர வேண்டும் என்பதும் வேண்டும். பெரியவர் ஒருவரின் அஸ்தி ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ இருக்கும். ஆள்காட்டி விரல் உயரச் சொம்போடு வந்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

முகவர்களின் ‘பேக்கேஜ்’ விலைகளைப் பற்றியும் எழுதத் தோன்றுகிறது. பூ எவ்வளவு, வண்டி எவ்வளவு, உங்களுக்குக் கட்டியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத அந்த மொத்தத் தொகையை அழுதுகொண்டே கொடுத்துவிடுகிறார்கள். அது தனிப் பஞ்சாயத்து. ஆனால் உங்கள் கட்டணம் இவ்வளவுதான் என்று அதே தாளின் அடியில் அச்சிட்டால் பாதிப் பஞ்சாயத்து தீரும். கார் நிறுத்தக் கூடாத இடத்துக்கு மூன்று மொழியில் பலகை வைக்கத் தெரிந்திருக்கிறதே, அவ்வளவு அக்கறை இதற்கும் கிடைக்கக் கூடாதா?

கோபமாகத் தொனித்தால் பொறுத்தருளுங்கள். தமிழில் எழுதித் தர நாங்கள் தயார். அச்சுச் செலவும் எங்களுடையது. முன்பதிவு முகப்பில் அந்தத் தாள்களை வைக்க ஒரு சாண் இடம் தாருங்கள்.

பணிவுடன்,
இறுதிச் சடங்குகளில் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் தொண்டர்கள்,
கோலாலம்பூர்