ஓடையோர நடைபாதையை மறுபடி கட்ட உங்கள் நன்கொடை வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நம் வீடுகளுக்குப் பின்னால், ஓடையை ஒட்டிச் செல்லும் காட்டு நடைபாதையைச் சீரமைக்க நிதி திரட்டுகிறோம். 2022 ஏப்ரலில் டர்பனைப் புரட்டிப்போட்ட வெள்ளம் ஓடையின் மேலிருந்த மரப்பாலத்தையும், சேற்றுப் பகுதியில் போட்டிருந்த பலகைப் பாதையையும் அடித்துக்கொண்டு போனது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் உயிரிழந்த வெள்ளம் அது. கூரை இழந்தவர்களும் குடிநீருக்கு வரிசையில் நின்றவர்களும் இருக்கும்போது நடைபாதைக்காகப் பணம் கேட்பது முறையல்ல என்று அப்போது பேசாமல் இருந்தோம். இப்போது கேட்கிறோம்.

இந்த ஆடி மாதத்திலேயே கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் மழை கோடையில்தான் கொட்டும். குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓடையில் தண்ணீர் வற்றி, கரை இறுகி நிற்கும். பாலத்துக்குக் குழி தோண்டவும் தூண் ஊன்றவும் அதுதான் தோது. அக்டோபர் மழை இறங்கிவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் பாதையை அறியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். உம்ஹ்லட்டுசானா ஆற்றுக்கும் உம்லாஸ் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் இந்த மேடுபள்ளமான நிலம் ஒரு காலத்தில் வாழைத் தோட்டமும் காய்கறித் தோட்டமுமாக இருந்தது. உழுதவர்களில் பலரும் நம்மவர்களே. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் வந்த பிறகு, 1960-களில், டர்பனின் மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. கட்டடம் ஏற முடியாத செங்குத்தான பள்ளங்களில் மட்டும் காடு தப்பிப் பிழைத்தது. நமக்கு முன்பே இங்கிருந்த குரங்குகளுக்கு மிச்சமான வீடு அந்தப் பள்ளங்கள்தான்.

கரிய முகமும் சாம்பல் உடலும் நீண்ட வாலுமாக நம் கூரைகளில் ஓடும் வெர்வெட் குரங்கைத் தெரியாதவர் யாருமில்லை. சூலு அண்டை வீட்டார் இன்காவு என்பார்கள். ஆனால் பாதை மூடிய பிறகு நம் பிள்ளைகள் அதைப் பார்ப்பது சமையலறை ஜன்னலில் மட்டும்தான். ரொட்டியைப் பறித்துக்கொண்டு ஓடும் திருடனாகவே அவர்கள் மனத்தில் அது பதிகிறது. அதே குரங்கைக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், வேறு பிராணியாகத் தெரியும். காலை வெயிலில் கிளைமேல் அமர்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். குட்டியைத் தாய் மட்டும் சுமப்பதில்லை. கூட்டத்தின் மற்றப் பெண் குரங்குகளும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொள்ளும். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுவதும் இருக்கும். ஆண் குரங்குகள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடும். ஒற்றையாக ஒரு குரங்கு தெருவில் திரிந்தால், அது பெரும்பாலும் அப்படிக் கூட்டம் தேடிப் புறப்பட்ட ஆண்தான். வெறி பிடித்தது என்று கல்லெடுக்க வேண்டாம்.

அவற்றின் எச்சரிக்கைக் குரல்களைப் பற்றி உலகமே வியந்திருக்கிறது. கென்யாவின் அம்போசெலியில் ஆய்வு செய்தவர்கள் 1980-இல் வெளியிட்ட செய்தி இது: சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல். முதல் குரல் கேட்டால் மரமேறும். இரண்டாவதற்கு மேலே பார்த்துவிட்டுப் புதருக்குள் பாயும். மூன்றாவதற்குப் பின்னங்காலில் நின்று தரையைத் தேடும். நம் பள்ளத்தில் சிறுத்தை இல்லை. ஆனால் டர்பனின் பள்ளத்தாக்குக் காடுகளில் கொண்டைக் கழுகு கூடு கட்டி வாழ்கிறது. குரங்கும் அதன் இரை. கழுகின் நிழல் விழுந்ததும் ஒரு கூட்டமே இலைக்குள் மறைவதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகமும் ஈடாகாது.

தாவரங்களும் நமக்கு அந்நியமில்லை. ஓடைக்கரை உம்டோனி நம் நாவலின் இனம். ஊதா நிறப் பழம். காட்டு ஈச்சை உண்டு. குளிர்காலம் முடியும் சமயத்தில் செக்கச்செவேலென்று பூக்கும் மரம் கல்யாண முருங்கையின் இனம். இவற்றையெல்லாம் குரங்குகள் தின்கின்றன, விதைகளைத் தூர எடுத்துப் போய்ப் போடுகின்றன. காட்டை வளர்ப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. இன்று இந்த மரங்களின் அடியில் உண்ணிச்செடி முள்வேலியாக மண்டிக் கிடக்கிறது. ஆள் நடமாட்டம் நின்றதும் யாரோ வண்டி வண்டியாகக் குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டிவிட்டார்கள். குப்பையில் எளிதாகத் தின்னக் கிடைத்த பிறகு குரங்கு எதற்காக உம்டோனி பழுக்கும்வரை காத்திருக்கும்? அங்கிருந்து அடுத்த எட்டு நம் ஜன்னல்.

பிறகு நடப்பதைச் சொல்லவே மனம் கசக்கிறது. சிலர் காற்றுத்துப்பாக்கியால் சுடுகிறார்கள். உடலில் ஈயக் குண்டோடு, வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு நொண்டிப் போகும் தாய்க் குரங்கை நம் தெருக்களில் பலர் பார்த்திருக்கிறோம். குடியிருப்புப் பகுதியில் காற்றுத்துப்பாக்கியால் சுடுவது சட்டப்படி குற்றம் என்பதைச் சுடுகிறவர் அறிய வேண்டும். அனுமாரை வணங்கும் வீட்டிலிருந்து அந்தக் குண்டு வரக் கூடாது.

இனி கணக்கு. மொத்தத் தேவை 2 லட்சத்து 40 ஆயிரம் ரேண்ட். பாலத்துக்கு 95 ஆயிரம், பலகைப் பாதைக்கு 80 ஆயிரம். மரப்பலகை ஏன் வேண்டாம் என்று கூட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. மரம் உளுத்துப்போகும், விறகுக்கும் பெயர்த்துப் போவார்கள். இரும்புக் கைப்பிடி வைத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆகவே மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகையைத் தேர்ந்தெடுத்தோம். விலை அதிகம்தான், ஆனால் ஒரு முறை போட்டால் நிற்கும். உண்ணிச்செடி அகற்றவும் உள்ளூர் மரக்கன்று நடவும் 30 ஆயிரம். குரங்கு திறக்க முடியாத தாழ்ப்பாள் வைத்த குப்பைத் தொட்டிகளுக்கு 20 ஆயிரம். தமிழ், சூலு, ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய அறிவிப்புப் பலகைகளுக்கு 15 ஆயிரம்.

சாலையின் குறுக்கே குரங்குகளுக்குக் கயிற்றுப் பாலம் கட்டலாமே என்று பலர் கேட்டார்கள். நல்ல யோசனை. ஆனால் மின்கம்பிகள் அருகில் இருப்பதால் முறையான அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. அதற்காக இப்போது ஒரு சென்ட் கூட வாங்க மாட்டோம்.

இன்னொன்றையும் வாங்க மாட்டோம்: குரங்குகளுக்கென்று வாழைப்பழமோ ரொட்டியோ. அன்பினால் கொடுக்கிறீர்கள் என்பது தெரியும். ஆனால் கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகிய குரங்கு அடுத்தவர் கையிலும் பறிக்கும். கடைசியில் அடிபட்டுச் சாவது அதுதான். ஓடைக்கரையில் பூஜை முடிந்ததும் தேங்காய், பழங்களை விட்டுவராமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரசாதமாகப் பகிர்ந்துகொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். பாதை திறந்த பிறகும் இதுவே விதி. உணவுப் பையோடு உள்ளே போகக் கூடாது. குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது, அதை அது சண்டைக்கு அழைப்பாக எடுத்துக்கொள்ளும். குட்டியின் அருகே போகவே கூடாது. குட்டிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறக்கும்; கட்டட வேலையின் இரைச்சல் அதற்கு முன்பே ஓய்ந்துவிட வேண்டும் என்பதும் எங்கள் அவசரத்துக்கு ஒரு காரணம்.

50 ரேண்டும் பெரிது, 5,000 ரேண்டும் பெரிது. பாதைக்கான ஒரு பலகைக்கு 400 ரேண்ட் ஆகிறது. பெற்றோர் நினைவாகவோ பிள்ளையின் பிறந்தநாளுக்காகவோ ஒரு பலகை கொடுக்கலாம். பெயர் பொறிக்க மாட்டோம், கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். பணமாகத் தர இயலாதவர்கள் சனிக்கிழமை காலை மண்வெட்டியும் கையுறையுமாக வாருங்கள். வெல்டிங், தச்சு வேலை தெரிந்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். தாய்மார்கள் கூழ் காய்ச்சித் தர முன்வந்திருக்கிறார்கள்.

நன்கொடைப் புத்தகம் ஆடி மாதம் முழுவதும், மாரியம்மன் கூழ் வழிபாடு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் இருக்கும். பொருளாளரிடமோ துணைப் பொருளாளரிடமோ மட்டும் கொடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். வீடு வீடாக வந்து வசூலிக்க யாரையும் நாங்கள் அனுப்பவில்லை. வரவும் செலவும் மாதம் ஒருமுறை கோயில் சுவரில் ஒட்டப்படும். பாலத்துக்கான தொகை சேர்ந்த மறு வாரமே குழி தோண்டத் தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
நடைபாதைச் சீரமைப்புக் குழுவினர்