பொம்மைக் கடைல செத்தவன்

மாப்ள,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு உன் தங்கச்சி சொல்லுச்சு, நிம்மதியா இருந்துச்சு. இங்க எனக்கு ரெண்டு மாசமா நைட் ஷிப்ட், பகல்ல தூக்கமே வரல, அதான் நீ குடுத்துட்டுப் போன ஹார்ட் டிஸ்க்க எடுத்து ஜப்பான் ஃபோல்டர தொறந்தேன். யாகுசா படம்னு, அதான் ஜப்பான் கேங்ஸ்டர் படம்னு, இதுக்கு முன்னாடி ஒண்ணுகூட பார்த்ததில்லடா.

தெரியாம மொதல்ல மீகேங்கற டைரக்டரோட இச்சி தி கில்லர்ல கை வச்சுட்டேன், 2001ல வந்தது. அதுல ககிஹாரானு ஒரு கேங்ஸ்டர், சிகரெட் இழுத்தா கிழிஞ்ச கன்னம் வழியா புகை வருது, சரி பார்ப்போம்னு உட்கார்ந்தா ஒருத்தன கொக்கில மாட்டித் தொங்கவிட்டு மேல கொதிக்கிற எண்ணெய ஊத்துறான், அங்கயே நிறுத்திட்டேன். அன்னிக்கு சோறு எறங்கல. ஆனா மறுநாள் அதுல எதுவும் மனசுல தங்கல.

அப்புறம் கிட்டானோங்கற இன்னொரு டைரக்டரோட சோனட்டீன் பார்த்தேன். ஒருத்தன கிரேன்ல கட்டி தண்ணிக்குள்ள விடுறானுங்க, எவ்ளோ நேரம் தாங்குவான்னு பார்க்க, மேல தூக்குனா செத்துக் கெடக்கான், யாரும் பதறல. அதே ஆளுங்க ஒகினாவா பீச்ல சின்னப் பசங்க மாதிரி சுமோ விளையாடுறப்ப எனக்கு அவனுங்க மேல பாசம் வந்துருச்சு, அதுதான் பயமா இருந்துச்சு.

ஆனா எழுத உட்கார்ந்ததே டைரக்டர் ஃபுகாசாகு பத்திதான். 1973ல வந்த அவரோட பேட்டில்ஸ் வித்தவுட் ஹானர் அண்ட் ஹியூமானிட்டி. ஆரம்பமே அணுகுண்டுப் புகை, அப்புறம் ஹிரோஷிமா பக்கத்துல குரேங்கற ஊர்ல கள்ளச்சந்தை, போர்லேர்ந்து திரும்பி வந்த பசங்க பொழைக்க வழியில்லாம கேங்குல சேருறானுங்க. சுடப் போறவனே பயந்து நடுங்குறான், கேமராவும் கூடவே இடிபட்டு ஓடுது. ஒருத்தன் செத்தா படம் அப்படியே நிக்குது, பேரும் செத்த தேதியும் எழுத்துல வருது. சகாய்னு ஒருத்தன், ஹீரோவுக்கு கூட்டாளியா இருந்து பெரிய ஆளா வளர்ந்தவன், பொம்மைக் கடைல நிக்கும்போது சுட்டுத் தள்ளிடுறானுங்க. எண்ணெய் ஊத்துன சீன விட இது என்னைய ரொம்பப் படுத்திருச்சுடா.

அப்புறம் ஃபுகாசாகுவப் பத்தி தேடிப் படிச்சேன். 1945ல 15 வயசு, ஆயுத ஃபேக்டரில வேலை, பீரங்கிக் குண்டு விழுந்து கூட வேலை பார்த்த பசங்க செத்துப்போக, பொணத்தையெல்லாம் அப்புறப்படுத்துனது பொழைச்ச பசங்கதானாம், இவரும் அதுல ஒருத்தர். அந்த பேரும் தேதியும் அங்கேர்ந்துதான் வந்திருக்கணும்னு எனக்குத் தோணுது. 70 வயசுல போய், பள்ளிக்கூடப் பசங்களயே ஒருத்தர ஒருத்தர் கொல்ல வைக்கிற பேட்டில் ராயல எடுத்திருக்கார் பாரு.

எதுக்கு இந்த ரத்தப் படம்லாம் பார்க்குறீங்கன்னு வீட்ல கேட்டா. எப்படி சொல்றதுன்னு தெரியாம சகாய் செத்த கதைய மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, யாருக்குங்க பொம்மை வாங்கப் போனான்னு கேட்டா.

மொத்தம் 5 பாகம்டா அது, டிஸ்க்ல மொதப் பாகம் மட்டும்தான் இருக்கு. பொங்கலுக்கு வரும்போது மிச்சத்த கொண்டு வா, ஒண்ணா உட்கார்ந்து பார்ப்போம்.