பழுப்புப் புல் செத்த புல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ஸ்காபரோவில் 22 ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில், பனி கரைந்த கையோடு, எங்கள் தெருவில் பழுப்பாகக் கிடக்கும் புல்லைப் பார்த்து "செத்துவிட்டது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓர் ஒப்பந்தக்காரர் அப்படித்தான் சொன்னார். முற்றம் முழுவதையும் பெயர்த்துப் புதுப் புல் பதித்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது தேவையே இல்லாத செலவு. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இங்கு பரவலாக உள்ள கென்டக்கி புளூகிராஸ் என்ற புல்வகை குளிரில் உறங்குகிறது, அவ்வளவுதான். இரண்டு நாள் வெயில் அடித்ததும் அது எழுந்துவிடாது. மண் சூடேற வேண்டும். மண் ஏறத்தாழ 5 பாகை செல்சியஸைத் தாண்டினால் வேர் அசையும். 10 பாகையை நெருங்கும்போதுதான் இலை விறுவிறுவென வளரும். தெற்கு வெயில் படும் துண்டு முதலில் பச்சையாகும், வடக்கு நிழல் பிந்தும். சந்தேகமா? ஒரு பிடி புல்லை மெல்ல இழுத்துப் பாருங்கள். வேர் விடாமல் பிடித்து நின்று, அடித்தண்டு வெண்மையாக இருந்தால் உயிர் இருக்கிறது. வைக்கோல் நிற வட்டங்கள் பெரும்பாலும் பனிப்பூஞ்சணம், அதாவது பனிக்கு அடியில் புல்லில் படரும் பூஞ்சை. தரை காய்ந்தபின் மெதுவாக வாரிவிட்டால் போதும். ஈர மண்ணில் மட்டும் நடக்காதீர்கள், மண் இறுகிவிடும்.

என் வீட்டில் முதல் வெட்டு மே இரண்டாம் வாரம்தான். அதுவரை பொறுத்திருக்கச் சொல்லி, ஏப்ரல் இதழ் ஒன்றில் தயவுசெய்து எழுதுங்கள்.

ஒரு வாசகி,
ஸ்காபரோ